ருஸ்தெம் இங்கே இல்லை

வெர்போவ்தோல், 12 மார்ச் 2014

தம்பி ருஸ்தெமுக்கு, அக்கா சவேதா எழுதுவது.

நலமா? சாரத்திலிருந்து வழுக்கி விழாமல் இருக்கிறாயா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ரத்த அழுத்தம் ஏறுகிறது, இறங்குகிறது. இந்த வீட்டில் ஏறி இறங்குவது இப்போது அது ஒன்றுதான்.

போனில் பேசலாமே என்று எழுதியிருந்தாய். எங்கள் பள்ளத்தில் செல்போனை எடுத்தால் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கோபுரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. போதாததற்கு என் இடது காது போய்விட்டது. உன்னிடம் கத்தி, அது திஹோமிர் வீட்டில் கேட்டு, அவன் பதில் சொல்ல வேண்டாம். கடிதமே போதும். தபால்காரன் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறான்.

உன் கூரையில் மேற்குப் பக்கம் இரண்டு ஓடு சரிந்திருந்தது. திஹோமிரை ஏற்றிவிட்டேன். எழுபது வயதில் சரசரவென்று ஏறிவிட்டான், இறங்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட்டேன். ஊரில் இப்போது புகை வருவது நான்கு வீடுகளில். பாலத்துப் பலகையில் இந்த ஊராட்சியில் நாங்கள் செர்பியர்கள் பெரும்பான்மை, நீங்கள் அல்பேனியர்கள் சிறுபான்மை என்பதால் இரண்டு மொழியிலும் ஊர்ப் பெயர் எழுதிவைத்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு ஆடுகளைத் தவிர வேறு பெரும்பான்மை தெரியவில்லை.

இனி முக்கியமான சங்கதி. திங்கட்கிழமை ஒரு போலீஸ்காரன் வந்தான். சின்ன வயது, பூட்ஸ் முழுக்கச் சேறு, கையில் ஒரு காகிதம்.

“ருஸ்தெம்ங்கிறவர் பக்கத்து வீட்ல குடியிருக்காராம்மா?”

“இல்லப்பா. அவன் போய்ப் பல வருஷம் ஆச்சு.”

“எங்க போனார்?”

“யாருக்குத் தெரியும்? சொல்லிட்டா போனான்?”

“திரும்பி வருவாரா?”

“வரவே மாட்டான். இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டான்.”

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். கீழே கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டேன். என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை தெரியுமா? போர் வருஷத்தில் சீருடைக்காரர்கள் மூன்று முறை உன்னைத் தேடி வந்தபோது என் அப்பா ஒப்ராத் வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாரே, அதே பதில். நீ எங்கள் வைக்கோல் பரணில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. சீருடை வந்து யாரைக் கேட்டாலும் “இங்கே இல்லை” என்பதுதான் பதில் என்று அன்றைக்குப் படித்தவள் நான். இவன் என்னிடமா பிடுங்கப் பார்க்கிறான்!

உன் முதல் முடியை வெட்டியது என் அப்பாவின் கை. விழுந்த முடியைத் தட்டில் ஏந்திக்கொண்டு நின்றவள் நான், ஏழு வயது. முதல் முடி வெட்டியவர் இன்னொரு தகப்பன், அந்த உறவுக்கு மேல் ஓர் உறவு நம் பக்கத்தில் இல்லை. உன்னை யாரிடமும் காட்டிக் கொடுக்க மாட்டேன், பயப்படாதே.

செப்டம்பரில் மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவதாக எழுதியிருந்தாயே, அதில் மாற்றம் இல்லையே? இப்போதே சொன்னால் உனக்கும் சேர்த்து உருளைக்கிழங்கு நடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். திஹோமிர் விசாரித்தான்.

சவேதா

•

விண்டர்தூர், 2 ஏப்ரல் 2014

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்கு மன்னியுங்கள். நான் நலம். நீங்கள் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடவில்லையே? ஓடு மாற்றிய திஹோமிருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். இனிமேல் அவரை ஏற்ற வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

போலீஸ்காரர் விஷயத்தைப் படித்தேன். உங்கள் அப்பா கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார். நீங்கள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை.

ஒரு சின்ன உதவி மட்டும் வேண்டும். அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது காவல் நிலைய நடையில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும், அதில் என் பெயர் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. என் கடவுச்சீட்டு அக்டோபர் 14 வரைதான். புதுப்பிக்க வேண்டுமென்றால் முதலில் நம் ஊர் அடையாள அட்டை வேண்டும், அட்டைக்கு ஊரில் முகவரி வேண்டும். கடவுச்சீட்டு இல்லாவிட்டால் இங்கே தங்கவும் விடமாட்டார்கள். அதனால் கேட்டேன்.

பதினான்கு வருஷத்தில் நான் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் வீட்டுக்குப் போகப்போகிறேன், பிறகு எதற்கு இது என்று விட்டுவிட்டேன். மனைவி என்று ஹனிஃபே இருந்தவரை திட்டிக்கொண்டே இருந்தாள். அவள் போன பிறகு திட்டவும் ஆளில்லை.

வேலை ஆகஸ்டோடு முடிகிறது. செப்டம்பர் முதல் வாரம் வந்துவிடுவேன். உருளைக்கிழங்கு நடுங்கள்.

முடிந்தால் பலகையைச் சீக்கிரம் பாருங்கள்.

உங்கள் தம்பி
ருஸ்தெம்

•

வெர்போவ்தோல், 26 ஏப்ரல் 2014

ருஸ்தெம்,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், உனக்கும் ஒரு சிவப்பு முட்டை எடுத்து வைத்தேன், கெட்டுப்போனால் என்னைக் குறை சொல்லாதே. நான் நலம். உன் கடிதம் பெரிய வியாழனுக்குத்தான் வந்து சேர்ந்தது. தபால்காரன் முந்தைய வெள்ளிக்கிழமை வரவில்லை, மச்சினிச்சி கல்யாணமாம்; பெரிய வெள்ளி விடுமுறை என்று இந்த முறை ஒரு நாள் முன்னாலேயே வந்தான்.

நேற்று டவுனுக்குப் போனேன். பலகையில் உன் பெயர் இருக்கிறது. அறுபத்து மூன்று பெயர்களில் நீ நாற்பத்தொன்றாவது ஆள். மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தேன். அத்தனையும் உங்கள் ஆட்களின் பெயர். எங்கள் ஆட்களும்தான் பாதிப் பேர் நீஷிலும் வியன்னாவிலும் கிடக்கிறார்கள், என் மகன் ஸ்லவிஷா ஊரை மிதித்து நான்கு வருஷமாகிறது. ஒருத்தன் பெயரும் அதில் இல்லை.

ஜன்னலில் பிலியானா உட்கார்ந்திருந்தாள், என் சித்தி பேத்தி.

“இது என்ன பட்டியல்டி?”

“முகவரி முடக்கினவங்க பட்டியல், அத்தை. எழுதிக் கொடுத்த வீட்ல ஆள் இல்லன்னா முடக்கிருவோம்.”

“முடக்கினா?”

“அந்த வீட்ல அவங்க இருக்கிறதா கணக்கில்ல. அட்டை கிடையாது, ஓட்டு கிடையாது.”

“ஆளுக்குச் சொல்ல மாட்டீங்களா?”

“பலகைல ஒட்டிருக்கோமே. ஒட்டின எட்டு நாளைக்குள்ள ஆட்சேபணை குடுக்கலாம். ஒன்பதாம் தேதியோட முடிஞ்சிருச்சு.”

“சுவிட்சர்லாந்துல இருக்கிறவன் இந்த நடைல வந்து எப்படிடி படிப்பான்?”

“அவர் அங்க இருக்கிறதாலதானே அத்தை முடக்கினோம்” என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கெட்டவள் இல்லை, பாவம். ஆட்டுமந்தையை வைத்து மாரடிக்காமல் மேசையில் உட்கார ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

நீ இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். நேரில் போய் விசாரித்தோம், அக்கம்பக்கத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றாள். யார் என்று சொல்ல மறுத்துவிட்டாள்.

எனக்குத் தெரியாதா? திஹோமிர்தான். உன் வேலிக்குப் பின்னால் இருக்கும் புல்வெளி மீது அவனுக்கு முப்பது வருஷமாகக் கண். ஓடு மாற்ற ஏறியதுகூட மேலிருந்து அளவு பார்க்கத்தான் என்று இப்போது புரிகிறது. வரும் வழியில் அவன் கும்பிட்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இனி அவன் வீட்டு வாசலை மிதித்தால் என் பெயர் சவேதா இல்லை.

அட்டைக்கு வேறு வழி என்ன என்று அங்கே தூதரகத்தில் கேள். உருளைக்கிழங்கு உனக்கும் சேர்த்துத்தான் நட்டேன், ஆறு வரிசை.

அக்கா

•

விண்டர்தூர், 20 மே 2014

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் திஹோமிரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

திஹோமிரைப் பற்றி எழுதியது என்னைத் தூங்கவிடவில்லை. அக்கா, அவர் இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும், எப்படி என்று கேட்காதீர்கள். அந்தப் பட்டியல் கணினியிலிருந்து தானாக வருவதாக இங்கே ஒருவர் சொன்னார். யாரும் எதுவும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஊரில் பேச்சுத்துணைக்கு இருப்பது அவர் ஒருவர்தான். தயவுசெய்து போய்ப் பேசுங்கள்.

இன்னொன்று. பிலியானாவிடம் கோப்பைக் கேட்க வேண்டாம். கேட்டால் அந்தப் பெண்ணுக்கு வேலையில் தொந்தரவு வரும். முடிந்தது முடிந்துவிட்டது, யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

தூதரகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் நல்ல மனிதர்தான், கணினியைத் திருப்பி எனக்கே காட்டினார்.

“உங்க முகவரி எங்க?” என்றார்.

“வெர்போவ்தோல், நூற்றிப் பதினெட்டு.”

“அங்க நீங்க இல்லயே.”

“இல்ல சார், இங்க இருக்கேன்.”

“இங்க இருக்கிறதா நீங்க நம்மகிட்ட பதிவே செய்யலயே. அப்ப எங்கதான் இருக்கீங்க?”

நான் நாற்காலியைக் காட்டி, “இப்போதைக்கு இதுல” என்றேன். சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தாமதமாக ஓர் ஆட்சேபணை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பார்ப்போம். ஆறு வரிசை அதிகம் அக்கா, நான் ஒருவன்தானே.

தம்பி
ருஸ்தெம்

•

வெர்போவ்தோல், 24 ஜூன் 2014

ருஸ்தெம்,

கோப்பைப் பார்த்தேன். நீ வேண்டாம் என்று எழுதியதால்தான் போனேன். என்னை உனக்கு இன்னும் தெரியவில்லை.

பிலியானா சொன்னது: “அத்தை, வேணாம். வீட்டுக்குப் போங்க.” அவள் எழுந்து தேநீர் போடப் போன நேரத்தில் நானே திறந்தேன். மூன்றாவது தாள். அடியில் என் கையெழுத்து. மேலே நான் சொன்னதெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் இருக்கிறது, தலைவைத்துப் படுக்க மாட்டான் என்பது உட்பட.

நீ இப்போது அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என்னால். உனக்கு மார்ச் மாதமே தெரியும். “நீங்கள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை” என்று எழுதினாய். கணினி என்று எழுதினாய். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. ஒரு பாவமும் அறியாத திஹோமிரிடம் எட்டு வாரம் பேசாமல் இருந்தேனே, எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

அந்தப் பையன் எதற்குக் கேட்கிறான் என்று நான் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. சீருடையைப் பார்த்தேன், வாய் தானாகத் திறந்துகொண்டது.

உடம்பு எப்படி என்று கேட்க வாய் வரவில்லை.

சவேதா

•

விண்டர்தூர், 6 ஜூலை 2014

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை நேற்று நோன்பு திறந்த பிறகு படித்தேன். அதற்கு முன்னால் படிக்கப் பயமாக இருந்தது, உறை அவ்வளவு லேசாக இருந்தது.

உங்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. தொண்ணூற்றொன்பதில் உங்கள் அப்பா அதையே சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு எந்த நாற்காலியிலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். போலீஸ்காரர் உங்கள் அப்பாவிடம் வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். நான் உங்கள் இடத்தில் இருந்து உங்களைத் தேடி வந்திருந்தால் நானும்தான். நம் ஊரில் வளர்ந்த யாராலும் வேறு பதில் சொல்ல முடியாது. அது தெரிந்துதான் அனுப்பினார்களா, தெரியாமல் அனுப்பினார்களா என்று யோசிப்பதை நான் விட்டுவிட்டேன்.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் உங்களுக்கு வலிக்கும். முகவரி அதனால் திரும்பி வந்துவிடுமா?

என் ஆட்சேபணைக்குப் பதில் வந்தது. காலம் கடந்துவிட்டதாம். நேரில் வந்து நின்றாலும், முடக்கம் நீங்காமல் அந்த முகவரியில் புதிதாகப் பதிய முடியாதாம்.

வேறு வழி பார்க்கிறேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். கேட்கிறதா அக்கா? ஒன்றுமே. திஹோமிரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள், அது மட்டும் போதும்.

மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

ருஸ்தெம்

•

விண்டர்தூர், 19 ஆகஸ்டு 2014

அன்புள்ள அக்கா,

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. நோன்பு முடிந்து பைராம் பெருநாள் வந்து போனது. பதினான்கு வருஷத்தில் உங்கள் வாழ்த்து இல்லாமல் போன முதல் பைராம் இது. அன்றைக்கு இரண்டு முறை கீழே இறங்கித் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

உடம்புக்கு முடியவில்லையா? கோபமா? ஒரு வரி போடுங்கள். இல்லாவிட்டால் திஹோமிரையாவது எழுதச் சொல்லுங்கள்.

நான் கொஞ்ச நாளாக வேலைக்குப் போகவில்லை. மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார். பெரிதாக ஒன்றும் இல்லை.

ருஸ்தெம்

•

வெர்போவ்தோல், 10 செப்டம்பர் 2014

தம்பி ருஸ்தெமுக்கு,

தாமதமான பைராம் வாழ்த்து. ஓய்வு என்றால் என்ன ஓய்வு? எந்த இடத்தில் என்ன? ஒழுங்காக எழுது. நான் நலம், முன்னைவிட நலம். எழுத நேரமில்லாமல் போய்விட்டது, ஏனென்றால் இரண்டு மாதமாக இரண்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

நீ ஒன்றும் செய்யாதே என்று எழுதினாய். நான் ஆகஸ்டு முதல் வாரம் ஒரு மனு கொடுத்தேன். மார்ச்சில் நான் எழுதிக் கொடுத்தது பச்சைப் பொய், ருஸ்தெம் இங்கேதான் குடியிருக்கிறார், திரும்ப வந்து பாருங்கள் என்று. அதற்கு முன்பே உன் வீட்டில் எல்லாம் தயார். தினம் காலையில் உன் அடுப்பை மூட்டினேன், புகை நன்றாக வந்தது. ஸ்லவிஷாவின் பழைய சட்டைகளைத் துவைத்து உன் கொடியில் போட்டேன். வாசலில் திஹோமிரின் பூட்ஸ். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு மன்னிப்பு? எட்டு வாரம் காது குளுகுளுன்னு இருந்துச்சு” என்றான், கடன்காரன்.

வந்தார்கள். அதே பையன், கூட ஒரு தடியன். அடுப்பைத் தொட்டுப் பார்த்தார்கள்.

“சூடாதான் இருக்கு. ஆள் எங்கம்மா?”

“ஆலைக்குப் போயிருக்கான், மாவு அரைக்க.”

“எந்த ஆலை? ஆத்தோர ஆலை மூடிப் பதினெட்டு வருஷமாச்சே.”

“அதான் இன்னும் வரல.”

அந்தத் தடியன் திரும்பிச் சுவரைப் பார்த்துச் சிரித்தான். பையன் சிரிக்கவில்லை. “அம்மா, மார்ச்ல சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? ரெண்டுல ஒண்ணு பொய். கையெழுத்துப் போட்டுக் குடுத்த வாக்குமூலம் பொய்னா மூணு மாசம் உள்ள வெப்பாங்க.”

“மார்ச்ல சொன்னதுதான் பொய். எழுதிக்கோ” என்றேன்.

இப்போது நீதிமன்றத்திலிருந்து எனக்கு ஓலை வந்திருக்கிறது, நவம்பர் பதினெட்டு. உடனே பயந்து மாத்திரை மாத்திரை என்று எழுதாதே, முழுதும் படி. பிலியானா சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சொன்னாள். மார்ச் வாக்குமூலம் பொய் என்று நீதிபதி எனக்குத் தண்டனை கொடுத்துவிட்டால், அதை வைத்துச் செய்த முடக்கமும் செல்லாது. உன் முகவரி திரும்ப வந்துவிடும். அட்டை கிடைக்கும், கடவுச்சீட்டு கிடைக்கும். இவ்வளவுதான், எனக்குத் தண்டனை கிடைக்க வேண்டும். கிடைக்கும்படி பேசுவேன், கவலைப்படாதே.

உன் அங்கத்திய முகவரியை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பதிவுத் தபால் ஒன்று வரும். எப்போதிலிருந்து எங்கே இருக்கிறாய் என்று கேட்பார்கள். நீ பதில் போடாதே. ஒரு வார்த்தைகூட எழுதாதே. நீ சும்மா இருந்தாலே போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மிளகாய் சுடும் நேரம் இது. முற்றத்தில் திஹோமிரும் நானும் இரண்டு மூட்டை சுட்டுத் தோலுரித்து அரைத்தோம். உனக்குப் பன்னிரண்டு ஜாடி உன் வீட்டு அலமாரியிலேயே அடுக்கிவிட்டேன். குடியிருக்கும் வீடென்றால் அலமாரியில் ஏதாவது இருக்க வேண்டாமா? கிழங்கும் தோண்டியாகிவிட்டது.

அக்கா சவேதா

•

விண்டர்தூர், 12 அக்டோபர் 2014

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே மழை. நேற்று ஒரு குளிர் கோட்டு வாங்கினேன், உள்ளே கம்பளி வைத்தது.

உங்கள் குலதெய்வத் திருநாள் வருகிறது, புனித திமித்ரியின் நாள். இந்த முறை கடிதம் சரியான நேரத்துக்குச் சேராதோ என்று இப்போதே வாழ்த்து எழுதுகிறேன். திருநாள் ரொட்டி நன்றாக உப்பட்டும். எனக்காக ஒரு துண்டு திஹோமிருக்குக் கொடுங்கள்.

இந்த வருஷம் வர முடியாது அக்கா. யோசித்துப் பார்த்தால் அடுத்த வருஷமும் வருவேன் என்று தோன்றவில்லை. இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. வாசலிலேயே பஸ் நிற்கிறது, மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. இந்த வயதில் அங்கே வந்து தனியாக விறகு பிளக்க என்னால் ஆகுமா? உங்களுக்கும் வீண் சிரமம். என் வீட்டு அடுப்பை இனி மூட்ட வேண்டாம். ஜாடிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவுத் தபால் வந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

நவம்பர் பதினெட்டாம் தேதி நீதிமன்றத்துக்குப் போகும்போது காலையில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

தம்பி
ருஸ்தெம்

•

வெர்போவ்தோல், 21 நவம்பர் 2014

ருஸ்தெம்,

திருநாளுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். பாதிரியார் அவசரத்தில் இருந்தார், இன்னும் ஆறு ஊர் போக வேண்டுமாம். திஹோமிர் உன் துண்டையும் சேர்த்துத் தின்றான். ரொட்டி உப்பத்தான் செய்தது.

பதினெட்டாம் தேதி ஸ்லவிஷாவின் கல்யாணத்துக்குக் கட்டிய நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு போனேன். பைக்குள் மாற்றுத்துணி, செருப்பு, மாத்திரை, பல் வைக்கும் கிண்ணம் எல்லாம் இருந்தது. நீதிபதி ஒரு பெண், என் மகன் வயதுதான் இருக்கும். நான் எழுந்து நின்று, மனப்பாடம் செய்ததைத் தொடங்கினேன். “மார்ச்ல நான் சொன்னது பொய், மகளே...”

“உக்காருங்கம்மா. சம்பந்தப்பட்டவரே எழுதிட்டார்.”

வாசித்தாள். அதை ஒரு வரி விடாமல் உனக்கே எழுதுகிறேன், நீ எழுதியதை நீயே ஒரு முறை படித்துப் பார்: “நான் 2000ஆம் ஆண்டு முதல் வெர்போவ்தோலில் குடியிருக்கவில்லை. திரும்பிவரும் எண்ணமும் இல்லை. திருமதி சவேதா மார்ச் மாதம் கொடுத்த வாக்குமூலம் முழுக்க உண்மை. பிற்பாடு அவர் கொடுத்த மனு முதுமையாலும் தனிமையாலும் எழுதப்பட்டது. அதைப் பொருட்படுத்த வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.”

அவ்வளவுதான். வழக்கு முடிந்தது. “பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு, உள்ளயே உக்காந்திருங்க, வெளிய குளிருது” என்றாள் அந்தப் பெண். நல்லவள். இந்த ஊராட்சியில் எல்லாரும் நல்லவர்கள்தான், யாரைப் போய்த் திட்டுவது என்றே தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் பிலியானா வந்து என் பையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. பை கனமாக இருந்தது, அது ஒன்றுதான் நினைவில் இருந்தது.

ஒரு வார்த்தைகூட எழுதாதே என்று உன்னிடம் கெஞ்சினேன். நீ எழுதி, உன் வாயாலேயே உன் வீட்டை இல்லை என்று சொல்லி, என்னை மீட்டுவிட்டாய். உன் கடவுச்சீட்டு முடிந்து ஐந்து வாரமாகிறது. கோட்டு வாங்கினேன், பஸ் வாசலில் நிற்கிறது என்று எழுதுகிறாய். எந்த நாட்டில் எந்தக் காகிதத்தோடு நிற்கிறாய் என்று ஒரு வரி இல்லை. எனக்குப் படிக்கத் தெரியும் ருஸ்தெம். நீ எழுதாததையும் படிப்பேன்.

உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். நான் உள்ளே போகத் தயாராக இருந்தேன். பயத்தை மறைத்துக்கொண்டு சொல்லவில்லை, உண்மையாகவே தயாராக இருந்தேன். விசாரித்தும் வைத்திருந்தேன். ஓர் அறையில் எட்டுப் பெண்களாம், வெந்நீர் உண்டாம், சாயங்காலம் எல்லாரும் கூடி உட்கார்ந்து பின்னல் போடுவார்களாம். மூன்று மாதம்! குளிர்காலம் முழுவதும் என்னைச் சுற்றி ஏழு பேர் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். வெளியே வரும்போது உனக்கு ஒரு முகவரி இருந்திருக்கும்.

திஹோமிரை அவன் மகள் போன ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நீஷில் ஐந்தாவது மாடி. பள்ளிக்கூடத்துப் பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களும் வசந்தம் வரை அவரவர் மகன் வீட்டில். இன்று காலை எழுந்து பார்த்தேன், இந்தப் பள்ளத்தில் புகை வருவது என் வீட்டில் மட்டும்தான்.

நீ என்னைச் சிறையிலிருந்து காப்பாற்றி இங்கே கொண்டுவந்து விட்டாய்.

உடம்பை எப்படி வைத்திருக்கிறாய் என்று எழுது.

சவேதா